மொறிஸ் மைனரின் பின் மட்காட்டை உயர்த்தி வெட்டக் கொடுக்கிறீர்களா? இதை வாசித்துவிட்டுக் கொடுங்கள்

திருகோணமலைப் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் மொறிஸ் மைனர் காரின் பின் மட்காட்டின் (சில்லை மூடும் தகட்டின்) வளைவை முன் வளைவோடு சமப்படுத்தித் தருவதாகச் சொல்லி, நகரத்துக் கராஜ் ஒன்று என்னிடம் காசு வாங்கியது. செய்து தந்தது பட்டி (தகட்டின் பள்ளம் நிரப்பும் பசை) பூசிய மோசடி. முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் கராஜின் பெயரை எழுதவில்லை. அவர்கள் செய்த விதத்தைத் தெரிந்துகொண்டால் வேறு எந்தக் கராஜிலும் நீங்கள் ஏமாறாமல் இருக்கலாம்.

மைனர் ஓட்டியவர்களுக்குச் சிக்கல் தெரிந்திருக்கும். முன்பக்க வளைவு திறந்திருக்கும், சில்லு முழுவதும் தெரியும். பின் மட்காட் தாழ இறங்கிச் சில்லின் மேற்பகுதியை மூடி நிற்கும். 1948இல் அலெக் இசிகோனிஸின் வடிவமைப்பில் வெளிவந்தபோதே அப்படித்தான். அழகில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவின் இந்தக் காரை நான் இப்போதும் தினமும் உப்புவெளிக்கும் நகரத்துக்கும் ஓட்டுகிறேன். பின் ரயர் பஞ்சரானால் ஜாக்கில் காரை நன்றாகத் தூக்கி, அக்சில் கீழே தொங்கினால்தான் சில்லைக் கழற்றி எடுக்கலாம். மாரி மழையில் வீதியோரச் சேற்றில் அது பெரும்பாடு. வளைவைக் கொஞ்சம் உயர்த்தினால் வேலையும் சுலபம், முன்னும் பின்னும் ஒரே வரியில் நிற்கும்.

இது செய்யக்கூடிய வேலைதான். மைனரின் பின் மட்காட் போல்ட்டில் பூட்டியது. மட்காட்டுக்கும் காரின் உடலுக்கும் இடையில் ஒரு பீடிங் (மெல்லிய பட்டை) ஓடும். கழற்றி மேசையில் வைத்தே வேலை செய்யலாம். முறையாகச் செய்பவர்கள் வளைவின் மடித்த விளிம்பைத் தனிப் பட்டையாக வெட்டி எடுப்பார்கள். முன் வளைவை மட்டையில் வரைந்து வெட்டிய அச்சை வைத்துப் புதுக் கோட்டை வரைந்து, தகட்டை அந்தக் கோட்டுக்கு வெட்டி, அதே விளிம்பை மேலே ஏற்றிப் பற்றவைப்பார்கள். ஒரே இழுவையாகப் பற்றவைத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். அதனால் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொட்டு வைத்து, ஆறவிட்டு, பிறகு இடையை நிரப்ப வேண்டும். அந்த விளிம்புதான் மட்காட்டுக்கு உறுதி. அது போனால் ஓடும்போது தகடு படபடவென்று அடிக்கும்.

இதையெல்லாம் முதல் நாளே கராஜ் முதலாளியிடம் கதைத்தேன். "விளிம்பை எறியக் கூடாது. பற்றவைத்த பிறகு, பட்டி போட முன் கூப்பிடுங்கோ அண்ணன், நான் வந்து வெறும் தகட்டைப் பார்க்க வேணும்" என்றேன். "நீங்க யோசிக்காதீங்க தம்பி, எல்லாம் தகட்டு வேலைதான்" என்றார். பாதிக்கு மேல் முற்பணம் கேட்டார், கொடுத்தேன்.

கூப்பிடவே இல்லை. நானாகப் போன நேரமெல்லாம் ஒரு சாட்டு. கரண்ட் இல்லை, வேலை செய்கிற பாஸ் மூதூருக்குப் போய்விட்டார், மட்காட் உள்ளே பூட்டிக் கிடக்கிறது. கடைசியில் அழைப்பு வந்து போனபோது பிரைமருக்கு மேல் பெயின்றும் அடித்து மட்காட்டைக் காரில் பூட்டியிருந்தார்கள். வெட்டிய துண்டுகளைக் கேட்டேன். பழைய இரும்புக்காரன் கொண்டுபோய்விட்டானாம். பில்லில் "டிங்கரிங், பெயின்ற்" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. மாரி தொடங்கியதும் வலப்பக்க வளைவில் கொப்புளம் எழும்பியது. பிறகு கிண்ணியாப் பாலம் தாண்டி ஒரு குழியில் சில்லு விழுந்த அடியில் கையகலத் துண்டு ஒன்று உடைந்து தெறித்தது. உள்ளே கம்பி வலை.

கிண்ணியாவிலேயே அனுபவமுள்ள டிங்கர் நானா ஒருவரிடம் காட்டினேன். மட்காட்டைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பிக் காட்டினார். விளிம்பைக் கிரைண்டரால் அரிந்து எறிந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் கோழிக்கூட்டு வலையை வளைத்து வைத்து, பின்னால் கடதாசி அடைத்து, மேலே பட்டியை அப்பியிருக்கிறார்கள். பற்றவைத்த தடயமே கிடையாது. "தம்பி, இது தகட்டு வேலையில்ல, சுவருக்குப் பூச்சுப் பூசின மாதிரி" என்றார். பட்டி சில மில்லிமீற்றருக்கு மேல் தடித்தால் வெடிக்கும். ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நம் கடற்காற்று உப்போடு அந்த ஈரம் சேர்ந்தால் கீழே இருக்கும் நல்ல தகட்டையும் தின்றுவிடும். என் மட்காட்டில் அரைவாசி அப்படித்தான் போய்விட்டது. அறுபது வருடத்துக்கு மேல் தாங்கிய தகடு ஒரு மாரிக்குள் போனதை நினைக்கும்போது இப்போதும் வயிறு எரிகிறது.

இடமும் வலமும் வேறு வேறு உயரம் என்பதையும் அவர்தான் அளந்து காட்டினார். நிலத்தில் இருந்து அளந்து வெட்டியிருக்கிறார்கள். சில்லின் நடுவில் இருந்துதான் அளக்க வேண்டும். அதற்கு முன் பின்பக்க இலை வில்லுகளைப் பார்க்க வேண்டும். பழைய மைனர்களில் வில்லு தொய்ந்து பின்பக்கம் இறங்கியிருக்கும், வளைவு உள்ளதைவிடத் தாழ்வாகத் தெரியும். சிலருக்கு வில்லைச் சரிசெய்தாலே போதும், வெட்ட வேண்டிய தேவையே வராது. இதைச் சொல்லாமல் உடனே வெட்டலாம் என்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

மினி, பழைய டட்சன் போன்றவற்றை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். அவற்றில் பின்பக்கத் தகடு கழற்றக்கூடியதல்ல. வெளித்தகடும் உள்வளைவும் விளிம்பில்தான் ஒன்றுசேர்கின்றன. அதற்கு மேலே வெட்டினால் இரண்டும் பிரிந்துவிடும். திரும்பச் சேர்த்துப் பற்றவைக்காமல் பட்டியால் மூடினால் சேறும் தண்ணீரும் உள்ளே போய், காரின் கூடே பலமிழக்கும்.

வேலை முடிந்த காரை எடுக்கப் போகும்போது மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். வளைவைச் சுற்றி வைத்துப் பாருங்கள். தகடு இருந்தால் பிடிக்கும், தடித்த பட்டியில் விழுந்துவிடும். மட்காட்டுக்கு அடியில் கைவிட்டு விளிம்பின் மடிப்பைத் தடவிப் பாருங்கள். பார்க்கவிடாவிட்டால் மிச்சக் காசைக் கொடுக்காதீர்கள்.

முதலாளியிடம் உடைந்த துண்டோடு போனேன். "ரோட்டுக் குழிக்கு நாங்க என்ன செய்யிற?" என்று கேட்டார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும் என்பது சட்டம், ஆகவே கொப்புளம் கண்ட அன்றே படம் எடுத்து எழுதுங்கள். சரிவராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போவேன்.

நல்ல நிலையில் மைனர் பின் மட்காட் சோடி ஒன்று தேடுகிறேன். திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ யாரிடமாவது இருந்தால் அறிவியுங்கள். இதே மாதிரி வலையும் கடதாசியும் உங்கள் காரில் கண்டிருந்தாலும் எழுதுங்கள், முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.