ரோலர் டோருக்கு ஸ்மார்ட் கீபேட் போடப்போற ஆக்கள் இத வாசிச்சிட்டுப் போங்க

மட்டக்களப்பு டவுன், கல்லடிப் பக்கம் இரிக்கிற ஆக்களுக்குத்தான் சொல்றன். வீட்டு கராச் ரோலர் டோருக்கு ஸ்மார்ட் கீபேட் பூட்டித் தாறம் எண்டு ஒன்லைன்ல விளம்பரம் போடுற கடை ஒண்டு என்னட்ட 38,500 ரூபாவ வாங்கிட்டு ஏமாத்திட்டாங்க.

எங்களுக்கு ரிமோட் ஒண்டுதான், அது என்ட பேக்குல. பிள்ளைகள் டியூசன் முடிஞ்சி வந்து வெயிலுக்க நிக்கிதுகள், இவரும் கட்டார்ல, அதான் நம்பர் அடிச்சித் திறக்கிற மாதிரி ஒண்டு போடுவம் எண்டு கேட்டன்.

வந்த தம்பி நல்ல மரியாத. செருப்பக் கழட்டிட்டு வந்து அம்மா குடுத்த பிளேன்டீயக் குடிச்சிட்டு, ரிமோட்டத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "எந்த மோட்டருக்கும் செட் ஆகும் அக்கா, எங்கட வீட்டுலயும் இதுதான், எங்கட உம்மாவே நம்பர் அடிச்சித்தான் திறக்கிறா" எண்டாரு. பெத்தவவ வச்சிச் சொன்ன பொறகு ஆரு சந்தேகப்படுவா? அந்த இடத்துலயே பேங்க் ஆப்பால முழுக் காசையும் போட்டன்.

காசு போனதுதான், நம்பர் அடிச்சா டோர் அசையல்ல. உடனே சின்ன வைஃபை பெட்டி ஒண்ட எடுத்து மோட்டர் போர்டுல வயர் குடுத்து, "இப்பக்கி போன்லால திறங்க, கீபேட்ட நாளைக்கி வந்து சரிப்பண்றன்" எண்டு போனவர்தான்.

பொறகு ஒரு ராவு கரண்ட் போய் வந்திச்சி. வந்த உடனே டோர் தன்ட பாட்டுல மேல ஏறுது! ஆம்புள இல்லாத வீடு, கராச்சுக்குள்ளால நேர வீட்டுக்குள்ள வரலாம். சத்தத்துக்கு நான் எழும்பாட்டி விடியும் வரைக்கும் திறந்தே கிடந்திரிக்கும். இத நினைச்சாத்தான் 38,500ஐ விட வயிறு எரியிது.

கோல் எடுத்தா "உங்கட வைஃபை பிழ அக்கா", அடுத்த முற "கொழும்புல இருந்து டெக்னீசியன் வரோணும்", பொறகு "மோட்டர் வாங்கின இடத்துல கேளுங்க". இப்ப வொய்ஸ் போட்டா நீலக்கோடு விழுது, பதில் இல்ல. கடைக்கே போனா வித்த சாமான் திருப்பி எடுக்க மாட்டாங்களாம். பில்லும் தரல்ல.

ஆரையம்பதில தெரிஞ்ச எலக்ட்ரீசியன் அண்ணர் வந்து பாத்தாரு. எங்கட மோட்டர் கேக்கிற ரேடியோ சிக்னல் 433 மெகாஹேர்ட்ஸ், அவனுகள் தந்த கீபேட் அனுப்புறது 315, எத்தின வருசம் அமத்தினாலும் கேக்காதாம். அந்தப் பெட்டியயும் பெல் சுவிட்ச் மாதிரி ஒருக்கா தொட்டு விடுற மாதிரி செட் பண்ணாம, கரண்ட் வந்தா தானா ஓன் ஆகுற மாதிரி விட்டிரிக்கானுகள்.

வாங்க முதல் என்னென்ன பாக்கோணும் எண்டு விபரமா எழுதத்தான் வந்தன், கோவத்துல ஒண்டும் ஓடுதில்ல. கீபேட்டால டோர் திறந்து, மெயின் சுவிட்ச ஒருக்கா அமத்திப் போட்டும் பாக்காம ஒரு சதம் குடுக்காதீங்க. கீபேட்டுல கம்பெனி போட்டு விடுற திறக்கிற நம்பர உடன மாத்துங்க. பில் கேட்டு வாங்குங்க. நுகர்வோர் அதிகார சபைக்கி கோல் எடுக்க 1977, முறைப்பாட்ட எழுத்துல குடுக்கிறண்டா வாங்கி 3 மாசத்துக்குள்ள குடுக்கோணும்.

நான் குடுக்கப் போறன். இதே கடையில 38,500 குடுத்த ஆக்கள் இன்னும் இரிந்தா இன்பொக்ஸ்ல வாங்க, சேந்து போவம்.