ஜூலியா டோம்னா வெள்ளிக்காசு வாங்குவோர் கவனத்துக்கு

ரோமப் பேரரசிகளின் காசு சேர்க்கும் நண்பர்கள் வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

ஐரோப்பாவிலிருந்து இணையத்தில் விற்கும் ஒரு வியாபாரியிடம் ஜூலியா டோம்னாவின் டெனாரியஸ் (ரோம வெள்ளிக்காசு) ஒன்று வாங்கினேன். பேரரசர் செப்டிமியஸ் செவெரஸின் மனைவி அவர். முன்பக்கம் அவருடைய முகம். பின்பக்கம் வீனஸ் தேவி, முதுகைக் காட்டியபடி தூணில் சாய்ந்து, ஒரு கையில் ஆப்பிளும் மறு கையில் பேரீச்ச ஓலையுமாக நிற்பார். கி.பி. 193ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த அருமையான வகை. 'அசல்' என்று சான்றிதழும் கூடவே வந்தது. அதில் கையெழுத்துப் போட்டிருந்தவரும் அதே வியாபாரிதான்.

கையில் எடுத்ததுமே இலேசாக இருந்தது. இந்த வகை பொதுவாக 3 கிராமுக்கு மேல் இருக்கும், இது 2.5கூட இல்லை. சரி, தேய்ந்த காசு எடை குறையும்தான். ஆனால் லென்ஸில் பார்த்தபோது வீனஸின் முதுகிலும் எழுத்து இடுக்குகளிலும் ஊசிமுனைக் குழிகள். விளிம்பு முழுக்க அரம் போட்ட கீறல். அசல் காசு அச்சில் வைத்து அடித்தது; இந்த மாதிரிப் போலியை உலோகத்தை உருக்கி ஊற்றி வார்ப்பார்கள். வார்ப்பில் அந்த மாதிரிக் குழிகளும் விளிம்பில் ஒட்டுக்கோடும் வரும்; அந்தக் கோட்டை மறைக்கத்தான் அப்படி அராவுவார்கள்.

அப்புறம் விளிம்பில் வெடிப்பு மாதிரி ஒன்று. சம்மட்டியால் அடித்த காசில் விளிம்பு பிளந்தால் இரு பக்கமும் ஊடுருவித் தெரியும். இதில் முகத்துக்கு மேலே ஆழமில்லாத பள்ளம் மட்டும்தான். அதே வியாபாரி விற்பனைக்கு வைத்திருந்த இன்னொரு காசிலும் அதே இடத்தில், அதே வளைவில் அந்தப் பள்ளம்! ஒரே அச்சில் பல காசு அடிக்கலாம். ஆனால் வெடிப்பு ஒவ்வொரு காசிலும் தனித்தனியாக விழுவது. இரண்டில் ஒன்றுபோல இருந்தால் இரண்டும் ஒரே காசைப் பார்த்து வார்த்தவை.

பணத்தைக் கேட்டேன். உறையைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாதாம். பிரிக்காமல் எடை போடுவது எப்படி? கேட்டதற்குப் பதிலே இல்லை. வங்கியில் கார்டு புகார் கொடுத்திருக்கிறேன்.

நம்மூரிலும் ஒரு எச்சரிக்கை. "கரூர் ஆற்றில் கிடைத்தது" என்று யாராவது இந்தப் பேரரசியின் வெள்ளிக்காசைக் காட்டினால் நம்பிவிடாதீர்கள். தமிழகத்தில் கிடைத்த ரோம வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. ஜூலியா டோம்னா அவர்களுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு பிந்தியவர்.

முகத்துக்கு மேலே வெடிப்புள்ள இந்த வகைக் காசு உங்களிடம் இருந்தால் படத்தை அனுப்புங்கள், ஒப்பிட்டுச் சொல்கிறேன்.