மினிவேனுக்கு முழு லோயர் ஆர்ம் செட்: பொருள் நல்லது, துண்டுச் சீட்டுதான் மோசம்

முன் சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை போன்ற பாகம்தான் லோயர் ஆர்ம். சட்டத்தோடு சேரும் இடத்தில் அதற்கு ரப்பர் புஷ் இருக்கும், சக்கரத்தோடு சேரும் முனையில் பல பக்கமும் திரும்பும் பால் ஜாயிண்ட் இருக்கும். இவை ஏற்கெனவே பொருத்தியே வருகிற முழு ஆர்மை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வாங்கி எங்கள் மினிவேனில் மாட்டி, நல்ல ரோடு, கெட்ட ரோடு, ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு நீண்ட பயணம் என்று எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். நல்ல பொருள், தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டிக்குள் வருகிற, மாட்டும் முறை சொல்லும் துண்டுச் சீட்டை மட்டும் நம்பி மாட்டினால் இதே ஆர்ம் சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

மாற்ற வேண்டி வந்த காரணம் வழக்கமானதுதான். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் அடியில் 'டொக்' என்று சத்தம், பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், நேர் ரோட்டிலும் ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும், முன் டயரில் உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. சத்தம் என்றதும் ஷாக் அப்சார்பரையோ லிங்க் ராடையோ மாற்றச் சொல்லிவிடுவார்கள். அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: பிரேக் அழுத்தும்போதும், ரிவர்ஸில் வந்து நிறுத்தும்போதும் அதே சத்தம் வருகிறதா? வந்தால் ஆர்மின் பின் புஷ்ஷைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிரேக் போடும்போது சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படும், அந்த அழுத்தத்தில் பெரும்பகுதி அந்த புஷ்ஷில்தான் விழுகிறது.

சோதிப்பது கடினமில்லை. வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி (வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே போகவே கூடாது), டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அது பால் ஜாயிண்டிலா, வீல் பேரிங்கிலா என்று இன்னொருவர் கீழே இருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். புஷ்ஷுக்கு ஒரு நீளமான கம்பியை வைத்து ஆர்மை நெம்பினால் போதும். ரப்பர் மேலே மெல்லிய கீறல் இருப்பது பெரிய விஷயமில்லை. இரும்பு வளையத்தை விட்டு ரப்பர் பிரிந்திருந்தாலோ, உள்ளே திரவம் நிரப்பிய வகையாக இருந்து அது கசிந்திருந்தாலோ, அதன் ஆயுள் முடிந்தது. பால் ஜாயிண்டில் ஆட்டம் தெரிந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அது கழன்றால் ஓடுகிற வண்டியில் சக்கரம் மடங்கிவிடும், உள்ளே குடும்பமே உட்கார்ந்திருக்கும்.

புஷ்ஷை மட்டும் மாற்றினால் பொருள் செலவு குறைவுதான். ஆனால் பழையதைத் தள்ளி வெளியே எடுக்க ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும், புதியதைச் சரியான கோணத்தில் இறக்க வேண்டும், ரப்பரில் இடைவெளி விட்ட புஷ்ஷாக இருந்தால் கோணம் தவறினாலே வேலை வீண். முழு ஆர்மில் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. வாங்கியதில் போல்ட் துளைகள் இம்மி பிசகாமல் உட்கார்ந்தன, பால் ஜாயிண்ட் இறுக்கமாகவும் அதே சமயம் தடங்கல் இல்லாமலும் திரும்பியது, அதன் ரப்பர் உறையும் வளையத்தோடு ஒழுங்காகப் பிடித்திருந்தது. குறை என்று சொன்னால், வண்டியோடு வந்த ஆர்மில் பின் புஷ் திரவம் நிரப்பியது, இதில் வெறும் ரப்பர். கரடுமுரடான ரோட்டில் அதிர்வு கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. அப்புறம், பால் ஜாயிண்ட்டுக்குப் புது நட் கொடுத்திருக்கிறார்கள், புஷ் போல்ட் தரவில்லை. துருப்பிடித்ததைத் திரும்பப் போடாமல் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது சீட்டில் இல்லாத அந்த முக்கியமான விஷயம். இந்த புஷ்ஷில் ரப்பர் உள் வளையத்தோடும் வெளி வளையத்தோடும் ஒட்டியே இருக்கும். பேரிங் போல அது சுழலாது, முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும். சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுதாக இறுக்கினால் ரப்பருக்கு அதுதான் இயல்பு நிலை ஆகிவிடும், வண்டியைக் கீழே இறக்கியதும் நிறுத்தி வைத்திருக்கும்போதுகூட அது முறுக்கியபடியே இருக்கும், கொஞ்ச நாளில் கிழியும். "புது ஆர்ம் போட்டும் மறுபடி சத்தம்" என்று புலம்புகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் புஷ் போல்ட்டுகளை முதலில் லேசாக மட்டும் பிடித்து வையுங்கள். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு, அல்லது ஆர்மின் வெளி முனைக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அதே உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகு, டார்க் ரெஞ்சால் (எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். எவ்வளவு டார்க் என்பதை உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள், அடுத்த வண்டியின் கணக்கு இதற்கு ஒத்துவராது. மெக்கானிக்கிடம் விட்டாலும் "வண்டி தரையில் நிற்கும் நிலையில்தானே இறுக்குவீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள்.

கழற்றும்போது சக்கரத் தொகுதியை ரொம்ப வெளியே இழுக்காதீர்கள், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயிண்ட் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சில மினிவேன்களில் கியர்பாக்ஸ் பக்கத்து முன் போல்ட்டை உருவ இடமே இருக்காது, இன்ஜினைச் சற்றுத் தூக்கினால்தான் வரும், அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டி முடித்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். அதைச் செய்த பிறகுதான் ஸ்டீயரிங் நேராக நின்றது, டொக் சத்தமும் இழுப்பும் போயே போய்விட்டன.

உங்கள் வண்டியில் பால் ஜாயிண்ட் தனியாக போல்ட் போட்டு மாட்டும் வகை என்றால், புஷ்ஷும் நன்றாக இருந்தால், இந்த முழு செட் உங்களுக்குத் தேவையில்லை, ஜாயிண்ட்டை மட்டும் மாற்றினால் போதும்.