இடது கையில் வான்கோழி அழைப்பான்: ஆறு வசந்த அனுபவம்

பென்சில்வேனியாவில் மே மாதம் சேவல் வான்கோழிக்கான வேட்டைக்காலம். விடிவதற்கு முன்பே காட்டுக்குள் போய், நம் தோளைவிட அகலமான மரமாகப் பார்த்து முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். அப்புறம் பெட்டைக்கோழி கூப்பிடுவதுபோல் ஒலி எழுப்பிச் சேவலை நம் பக்கம் வரவழைக்க வேண்டும். அந்த ஒலிக்குத்தான் இந்த அழைப்பான். என்னிடம் கையால் செய்தவை இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று ஸ்லேட் கல் பதித்த வட்டமான ‘பாட்’, அதை உரச ஒரு மரக்குச்சி. இன்னொன்று சிடார் மரப் பெட்டி. இரண்டையும் ஒரே பெரியவரிடம் வாங்கினேன். ஆறு வசந்தம் ஓடிவிட்டது. நான் இடது கைக்காரன்.

முதல் வருடம் பாட் எனக்கு வசப்படவே இல்லை. வீடியோக்களைப் பார்த்து அப்படியே செய்தேன். குச்சி கல்லில் வழுக்கும், இல்லையென்றால் கிறீச்சிடும். கல்தான் சரியில்லை என்று நினைத்து, செய்தவரிடமே எடுத்துப் போனேன். அவர் வாங்கி வலது கையால் நாலு இழு இழுத்தார். அசல் பெட்டையின் குரல்! “நீ செய்து காட்டு” என்று சொல்லி என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கல்லின்மேல் விரலை வைத்து ஒரு விஷயம் காட்டினார்.

ஸ்லேட்டை உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்த்துச் சொரசொரப்பாக்குவார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய கோடுகள் தெரியும். குச்சி அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே ஓடினால்தான் பிடித்து அதிரும். அவர் பாட்டின் விளிம்பில் போட்டிருந்த அடையாளம் வலது கைக்காரர் இழுக்கும் திசைக்கானது. அதைப் பார்த்துப் பிடித்ததால் என் குச்சி கோடுகளோடு சேர்ந்தே வழுக்கிக்கொண்டிருந்தது. பாட்டைக் கால் சுற்று திருப்பினார். அவ்வளவுதான், குரல் வந்துவிட்டது. அன்றே விளிம்பில் கத்தியால் எனக்கென்று ஒரு கீறல் போட்டுக்கொண்டேன். இருட்டில் பெருவிரலால் தடவினாலே இடம் தெரிந்துவிடும்.

பாட்டை உள்ளங்கையில் வைக்காமல் விரல் நுனிகளில் தாங்க வேண்டும், அடியில் இருக்கும் துளைகள் மூடிவிடக் கூடாது. குச்சியைப் பென்சில்போல் பிடித்து, சுண்டுவிரலை விளிம்பில் ஊன்றிக்கொண்டு சின்னச் சின்ன நீள்வட்டமாகச் சுழற்றுங்கள். நுனி கல்லைவிட்டு எழும்பவே கூடாது. இது எந்தக் கைக்கும் பொருந்தும்.

பெட்டி வேறு மாதிரி. ஒரு திருகில் ஆடும் மூடி, அது உரசும் இரண்டு பக்கப் பலகைகள். ஆர்கன்சாவின் டார்டனெல்லைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897-இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை. அமைப்பில் இடம் வலம் கிடையாது. ஆனால் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்தை அதிகக் கவனத்தோடு செதுக்கிச் சுருதி சேர்ப்பார்கள். என் முதல் பெட்டியில் அந்த நல்ல பக்கம் வலது கைக்கு வாகாக இருந்தது. நான் மூடியைத் தள்ள வேண்டியிருந்தது, தள்ளும்போது அழுத்தம் கூடிக் குரல் உடைந்தது. பெட்டியைச் செங்குத்தாக, கைப்பிடி கீழே வரும்படி பிடித்தால் ஓரளவு சரியாகும். இரண்டாவது பெட்டிக்கு முன்கூட்டியே சொல்லி, மறுபக்கத்தில் சுருதி சேர்க்கச் சொன்னேன். இப்போது அதைத்தான் காட்டுக்குக் கொண்டுபோகிறேன். இடது கைக்காரர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். சாக்பீஸும் எண்ணெய் கலக்காததாகவே இருக்கட்டும், பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் வேண்டாம்.

ஆறு வருடத்தில் குறை என்றால் ஈரம்தான். மழைத் தூறலில் ஸ்லேட்டும் மரப் பெட்டியும் ஊமையாகிவிடும். விரல் வியர்வை பட்டாலும் கல் மங்கும், சின்ன உப்புத்தாள் துண்டு எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். மற்றபடி குறை சொல்ல எதுவும் இல்லை. குச்சி மட்டும் ஒன்று மாற்றியிருக்கிறேன்.

இரண்டு வருடமாக, சந்தைகளில் அந்தப் பெரியவரின் மேசைக்கு இடது கைக்காரர் வந்தால் என்னைக் கூப்பிடுகிறார். எழுதும்போது மணிக்கட்டைக் கொக்கிபோல் வளைப்பவர்களுக்குக் குச்சி சீக்கிரம் வசப்படுகிறது. நுனி தானாகவே அவர்களை நோக்கிச் சாய்ந்துவிடுகிறது. துப்பாக்கியை இடது தோளில் வைப்பவர்களிடம், சேவல் வரும் திசைக்கு வலது தோளைக் காட்டி உட்காரச் சொல்கிறேன். சேவல் பக்கத்தில் வந்துவிட்டால் கையை அசைக்க முடியாது, அங்கே வாயில் வைத்து ஒலி எழுப்பும் ‘டயஃப்ரம்’ அழைப்பான்தான் உதவும்.

நான் அதிகம் கவலைப்படுவது சொல்லிக்கொடுக்கும் முறையைப் பற்றித்தான். வலது கைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால், இடது கைக்காரர் ஒவ்வொரு அசைவையும் மனதுக்குள் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. எதிரில் உட்கார்ந்தால் அது கண்ணாடிபோல் ஆகிவிடும், பார்த்தபடியே செய்யலாம். போன சந்தையில் ஓர் அப்பா, பன்னிரண்டு வயது மகளோடு வந்தார். அவர் வலது கை, பெண் இடது கை. பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துப் பிடித்துத் திருத்திக்கொண்டிருந்தார். அவள் முகம் சுருங்கிப்போயிருந்தது. “கொஞ்சம் எதிரில் வந்து உட்காருங்கள்” என்றேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையின் மறுபக்கம் போனார். அவர் இழுத்தார், அவள் இழுத்தாள். மூன்றாவது முறை குரல் வந்தது. பாட்டின் விளிம்பில் அவளுக்கான கீறலை அவரே போட்டுக் கொடுத்தார்.