எஸ்க்யூலைட்டில் வீட்டுக் கணக்கு: நீண்டநாள் பயன்பாட்டில் தெரிவது

சேமிப்புக் கணக்கு, கிரெடிட் கார்டு, யூபிஐ, சீட்டு என்று பணம் பல பக்கம் ஓடும் வீட்டுக்கு எக்செல் சீக்கிரமே போதாமல் போகும். ஒரே கோப்பில் இயங்கும் தரவுத்தளமான எஸ்க்யூலைட் தாங்கும். ஆனால் டேபிள்களைச் சரியாக அமைக்காவிட்டால் அதுவும் இன்னொரு எக்செல்தான்.

மூன்று டேபிள் போதும்: கணக்குகள், பரிவர்த்தனைகள், பதிவுகள். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் குறைந்தது இரண்டு பதிவு, கூட்டினால் பூஜ்யம். சூப்பர் மார்க்கெட்டில் கார்டு தேய்த்த 2,340 ரூபாயில் 400 ரூபாய் நோட்டுப் புத்தகம் என்றால் மளிகை +1,940, பள்ளி +400, கார்டு −2,340. கார்டு பில் கட்டும்போது சேமிப்பில் குறைத்து கார்டில் கூட்ட வேண்டும். செலவுக் கணக்கைத் தொடவே கூடாது. தொட்டால் அதே மளிகை இரண்டு முறை செலவாகிவிடும்.

இந்த முறையின் அருமை சீட்டில் தெரியும். மாதத் தவணை 5,000, கழிவு 800, கையிலிருந்து போவது 4,200. சீட்டு +5,000, வங்கி −4,200, கழிவு வரவு −800. சீட்டை எடுக்கும்போது எவ்வளவு தள்ளி எடுத்தோம், கழிவாக எவ்வளவு வந்தது என்பதை ஒரே க்வெரியில் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியில்) ஒப்பிடலாம்.

தொகையைப் பைசாவாக, இன்டிஜரில் (முழு எண்ணில்) வையுங்கள். தசமத்தில் வைத்தால் 0.1 + 0.2 சரியாக 0.3 ஆகாது, பூஜ்யச் சோதனை வீணாகத் தோற்கும். வங்கி தரும் சிஎஸ்வி கோப்பில் ‘1,25,000.00’ என்று காற்புள்ளியோடு வருவதை அப்படியே கேஸ்ட் செய்தால் (எண்ணாக மாற்றினால்) எஸ்க்யூலைட் பிழை சொல்லாது, 1 என்று எடுத்துக்கொள்ளும். காற்புள்ளியை முதலில் நீக்குங்கள். தேதியை 2024-04-05 வடிவத்துக்கு மாற்றுங்கள். நாள் முன்னால் இருந்தால் வரிசை குலையும்.

அதிகம் படுத்துவது இரட்டைப் பதிவு. 1 முதல் 15 வரை ஏற்றிவிட்டு, பிறகு 10 முதல் 30 வரை ஏற்றினால் ஆறு நாள் மறுபடி நுழையும். தேதி, தொகை இரண்டுக்கு மட்டும் யூனிக் (ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்ற விதி) போட்டால் ஒரே நாளில் வாங்கிய இரண்டு 20 ரூபாய் டீயில் ஒன்று தொலையும். வங்கி அச்சிடும் மீதித் தொகையையும் விவரத்தையும் சேர்த்து யூனிக் போடுவதே பாதுகாப்பு. கார்டு ஸ்டேட்மென்டில் மீதி இருக்காது. அந்த இடத்தை நல் (NULL, மதிப்பில்லாத வெற்றிடம்) என்று விட்டால் யூனிக் வேலை செய்யாது, ஏனென்றால் ஒவ்வொரு நல்லும் வேறு வேறாகவே கொள்ளப்படும்.

ஒரு டேபிளின் பதிவு சுட்டும் வரி மற்ற டேபிளில் உண்மையில் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபாரின் கீ சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் பிராக்மா என்ற அமைப்புக் கட்டளை கொடுத்து இயக்க வேண்டும். பூஜ்யக் கூட்டலை, டேபிளில் எழுதும்போது மதிப்பைச் சோதிக்கும் செக் விதியால் காக்க முடியாது, அது ஒரு வரிக்குள் மட்டுமே பார்க்கும். ஏற்றியவுடன் பூஜ்யமாகாத பரிவர்த்தனைகளைப் பட்டியலிடும் க்வெரியை ஓட்டுவது கட்டாயம்.

மாதக் கடைசியில் வங்கி மீதியோடு ஒத்துப் பாருங்கள். வித்தியாசத்தின் பாதித் தொகையில் ஒரு பதிவு இருந்தால் கூட்டல் கழித்தல் குறி மாறியிருக்கலாம். 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். நிதியாண்டுக்கு, தேதியிலிருந்து மூன்று மாதத்தைக் குறைத்து வருடத்தை மட்டும் எடுத்தால் போதும். மாதத்தையும் அதிலிருந்தே எடுக்காதீர்கள். மே 31 மார்ச்சுக்குள் போய் விழும்.

பேக்கப் எடுக்க, வால் (WAL, புதிய மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும்) முறையில் இயங்கும் கோப்பை வெறுமனே நகலெடுத்தால் கடைசிப் பதிவுகள் விடுபடலாம். ‘வேக்யூம் இன்டு’ கட்டளை முழு நகலைத் தரும். இருவர் இரண்டு கணினியிலிருந்து எழுதுவதானால் கோப்பை கிளவுட் ஃபோல்டரில் பகிராதீர்கள்; அதற்கு சர்வரில் இயங்கும் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ்தான் ஏற்றது.