தள்ளுபடிக் கூப்பன் தளங்களை நம்பும் படப்பிடிப்பாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எனக்குப் போனது 3,415 ரிங்கிட் 50 சென்

நேற்று மாலை நான்கு மணிக்கு எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் படமெடுத்து, திருத்தி, அச்சிட்டு, படச்சட்டம் போட்டு வாடிக்கையாளர் கையில் கொடுத்து முடித்துவிட்ட 69 கூப்பன்களுக்கான 3,415 ரிங்கிட் 50 சென், ஒப்பந்த விதிகளின்படி எனக்கு வழங்கத் தகுதியற்றது என்று அதில் எழுதியிருந்தார்கள். இரண்டே வரி. கீழே எழுதியவரின் பெயர்கூட இல்லை. இரவு முழுவதும் உறக்கம் வராமல், விடிந்ததும் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிறு ஊர்களில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நம்மவர்கள் எவரும் இதே குழியில் விழக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். அந்தத் தளத்தின் பெயரை, நான் எடுக்கவிருக்கும் நடவடிக்கை கருதி, இங்கே சொல்லவில்லை. தினம் ஒரு சலுகை என்று விளம்பரம் செய்து, உணவகம், அழகு நிலையம், உடம்புப்பிடி நிலையம் என்று பல கடைகளின் கூப்பன்களைப் பாதி விலைக்கும் கீழே இணையத்தில் விற்கும் வகையைச் சேர்ந்தது அது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் என் அப்பா தொடங்கிய ஸ்டுடியோவை நான் நடத்தி வருகிறேன். அப்பா காலத்தில் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. அடையாள அட்டைக்கு, கல்யாணத்துக்கு, தீமிதிக்கு, பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு என்று அவர் மோட்டார் சைக்கிளில் கேமராவைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். இன்று லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) நம் மக்கள் மிகக் குறைவு. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள், பெரியவர்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள், எல்லார் கையிலும் கேமரா உள்ள தொலைபேசி இருக்கிறது. அதிலும் ஆடி மாதம் பிறந்துவிட்டால் கல்யாணம், நிச்சயதார்த்தம் எதுவும் கிடையாது. கடை வாடகையோ ஆடி என்று பார்த்து நிற்பதில்லை. அந்த ஆடியில்தான் அந்தக் கூப்பன் தளத்தின் விற்பனைப் பிரதிநிதி என் கடைப் படியேறினார்.

முப்பது வயதுகூட நிரம்பாத நம் பையன். வந்ததும் வராததுமாகக் காகிதத்தை நீட்டியிருந்தால் நான் எச்சரிக்கையாக இருந்திருப்பேன். அவர் சுவரில் மாட்டியிருந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தின் முன்னால் நின்றார். அதிகாலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் பால்வெட்டுப் பெண்கள் வாளியோடு வரிசையாக நிற்கும் படம், அப்பா எடுத்தது. "அண்ணே, எங்க பாட்டியும் இப்படித்தான் பால் மரம் வெட்டுனாங்க. அவங்களோட ஒரு படம்கூட எங்க வீட்டுல இல்ல" என்றார். அந்தச் சொல்லில் நான் விழுந்தேன். தேநீர் வாங்கி வரச் சொன்னேன். என் மனைவி அவருக்குச் சாப்பாடும் போட்டாள். "நம்ம ஆளுங்க கடை நல்லா வரணும்ணே, நான் பாத்துக்கறேன்" என்று அவர் சொன்னபோது, ஒப்பந்தத்தின் பதினொரு பக்க ஆங்கிலத்தை முழுமையாகப் படிக்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. கையெழுத்திட்டது என் கைதான். ஆனால் அந்தக் கையைப் பிடித்து இழுத்தது அந்தப் பாட்டியைப் பற்றிய பேச்சு என்பதை நினைக்கும்போது இப்போதும் வயிறு எரிகிறது.

கணக்கைச் சொல்கிறேன். ஒரு மணி நேரக் குடும்பப் படப்பிடிப்பு, திருத்திய 8ஆர் (8க்கு 10 அங்குல) அளவுப் படங்கள் ஐந்து, 12க்கு 18 அங்குலத்தில் சட்டமிட்ட ஒரு படம். இதற்கு நான் வாங்கும் வழக்கமான விலை 280 ரிங்கிட். இதைத் தளத்தில் 400 ரிங்கிட் என்று போட்டு, 99 ரிங்கிட்டுக்குத் தருவதாகக் காட்டினார்கள். நான் ஒருபோதும் 400 வாங்கியதில்லை என்று சொன்னேன். எல்லாக் கடையும் இப்படித்தான் போடுகிறார்கள் என்று பதில் வந்தது. பொய்யான பழைய விலையைக் காட்டித் தள்ளுபடி என்பது 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் (நுகர்வோர்) பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகக்கூடும் என்று பின்னர்தான் தெரிந்துகொண்டேன். அந்த 99-இல் பாதியைத் தளம் எடுத்துக்கொள்ளும். எனக்கு வருவது 49 ரிங்கிட் 50 சென். அச்சுக்கும் சட்டத்துக்கும் உதவியாளர் கூலிக்குமாக ஒரு குடும்பத்துக்கு எனக்கு ஆகும் செலவு 62 ரிங்கிட். ஆக, ஒவ்வொரு கூப்பனிலும் 12 ரிங்கிட் 50 சென் கைநட்டம், என் உழைப்புக் கூலி அதில் சேராமலே. தெரிந்தேதான் ஒப்புக்கொண்டேன். அறுபது கூப்பன்களோடு நிறுத்திவிடுவோம், வந்தவர்களில் பலர் பிறகு முழு விலை கொடுத்துத் திரும்பி வருவார்கள், கல்யாண வேலை கிடைக்கும் என்று அவர் சொன்னதை நம்பி, அதை விளம்பரச் செலவாக எண்ணிக்கொண்டேன்.

நான்கு நாளில் 186 கூப்பன்கள் விற்றுவிட்டார்கள். அறுபது என்ற எண்ணிக்கை ஒப்பந்தத்தில் எங்குமே இல்லை. ஒரு குடும்பத்தில் ஐந்து பேருக்கு மேல் போகக்கூடாது என்று நான் எழுதிக் கொடுத்த வரியையும், பக்கம் பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று நீக்கியிருந்தார்கள். பதினான்கு பேரோடு வந்த குடும்பத்தை நான் என்ன சொல்லித் திருப்பி அனுப்புவது? கூப்பனில் "குடும்பம்" என்றுதானே இருக்கிறது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஈப்போக்காரர்கள். எல்லாரும் சனி, ஞாயிறுதான் கேட்டார்கள். காலை ஒன்பது மணியிலிருந்து இரவு ஒன்பது மணிவரை நின்ற நாள்கள் உண்டு. என்னிடம் மூன்று தலைமுறையாகப் படமெடுத்து வரும் ஓர் அம்மா, தன் பேத்தியின் சடங்குக்கு வரச் சொல்லிக் கேட்டபோது, எனக்கு ஒரு ஞாயிறுகூடக் காலியில்லை. "ஏன் தம்பி, எங்களுக்கு மட்டும் நேரமில்லையா?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. உணவகத்தில் காலியாகக் கிடக்கும் மேசைக்கு ஆள் சேர்ப்பதும், ஒரே ஒரு கேமராக்காரனின் வாரக் கடைசியை விற்பதும் வேறு வேறு. என்னிடம் விற்க இருப்பதே அந்த நேரம்தான். உள்ளூர் வாடிக்கையாளர் சிலர் அந்த 99 ரிங்கிட் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, போன வருடம் எங்களிடம் மட்டும் எதற்கு 280 வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கூப்பனோடு வந்த 131 குடும்பங்களில் மீண்டும் அழைத்தவர்கள் இரண்டே பேர். இருவரும் அதே 99 ரிங்கிட்டுக்குக் கேட்டார்கள்.

இவ்வளவும் நட்டம், நான் எடுத்த முடிவின் விளைவு என்று பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அடுத்து வந்தது. வாடிக்கையாளர் கொடுக்கும் பணம் முதலில் தளத்தின் கைக்குப் போகிறது. நாம் வேலை செய்து, கூப்பன் எண்ணை அவர்களின் பக்கத்தில் பதிந்தபின், மாதக் கணக்கில் நமக்கு அனுப்புகிறார்கள். முதல் 62 கூப்பன்களுக்கு 3,069 ரிங்கிட் ஒழுங்காக வந்தது. அந்த ஒழுங்கைப் பார்த்து மீதி 69 குடும்பங்களுக்கும் கடனுக்குப் படச்சட்டம் வாங்கி வேலையை முடித்தேன். பணம் வரவில்லை. முதல் வாரம், கணக்குப் பிரிவு 25-ஆம் தேதிதான் கணக்கை முடிக்கும் என்றார்கள். அடுத்த மாதம், என் வங்கிக் கணக்கின் பெயர் கடையின் பதிவுப் பெயரோடு பொருந்தவில்லை என்றார்கள். முதல் தொகை அதே கணக்கில்தானே விழுந்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அந்தப் பிரதிநிதித் தம்பிக்கு எழுதினேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன, பதில் வரவில்லை. மூன்று நாள் கழித்து அந்த எண்ணே செயல்படவில்லை. அலுவலகத்தை அழைத்தால், அவர் வேலையை விட்டுப் போய்விட்டார், புகார் எண் தருகிறோம் என்றார்கள். எனக்கு நான்கு புகார் எண்கள் கிடைத்தன. ஒவ்வொரு முறையும் புதிய குரல். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். தீபாவளிக்கு முந்திய வாரம், உதவியாளருக்குக் கூலி கொடுக்க மனைவியின் வளையலை அடகுக் கடையில் வைத்தேன்.

நேற்று வந்த மின்னஞ்சலில்தான் காரணம் சொன்னார்கள்: படப்பிடிப்பு முடிந்த 48 மணி நேரத்துக்குள் கூப்பன் எண்ணைப் பதியவில்லையாம். உண்மைதான், நான் வாரக் கடைசி வேலையைப் புதன்கிழமை மொத்தமாகப் பதிந்தேன். "மொத்தமா போட்டாலும் பரவால்லண்ணே" என்று சொன்னவரே அந்தத் தம்பிதான். முதல் 62 கூப்பன்களையும் அப்படித்தான் பதிந்தேன். அதற்கு மட்டும் எப்படிப் பணம் வந்தது? 186 கூப்பன்களுக்கு மக்களிடம் அவர்கள் வாங்கியது 18,414 ரிங்கிட். என் கைக்கு வந்தது 3,069. எனக்குச் சேர வேண்டிய 3,415 ரிங்கிட் 50 சென் அவர்களிடம் இருக்கிறது. இன்னும் வராத 55 பேரின் பணமும் அவர்களிடமே இருக்கிறது. அந்த 55 பேர் நாளை என் கதவைத்தான் தட்டுவார்கள்.

ஐந்து ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். விசாரித்தேன். அந்த மன்றம் சொந்தப் பயனுக்காகப் பொருளோ சேவையோ வாங்கியவர்களுக்கானது; வியாபாரத்துக்காக ஒப்பந்தம் போட்ட நான் பயனீட்டாளர் ஆக மாட்டேன். ஆனால் கூப்பன் வாங்கியவர்கள் பயனீட்டாளர்கள், கூப்பனில் இருப்பது என் கடைப் பெயர். எனக்குத் திறக்காத கதவு எனக்கு எதிராகத் திறக்கும். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 ரிங்கிட் வரையுள்ள சிறு உரிமைக்கோரலை வழக்கறிஞர் இல்லாமல் நாமே தாக்கல் செய்யலாம். அதற்கான தாள்களைத்தான் இப்போது சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

எப்படிப் பாதுகாத்துக்கொள்வது என்று விரிவாக எழுத நினைத்தேன். மனம் ஒரு நிலையில் இல்லை. இவற்றை மட்டும் செய்யுங்கள். எத்தனை கூப்பன் என்ற உச்ச எண்ணிக்கையும், எத்தனை பேர், எந்தெந்த நாள் என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும், வாய்ச்சொல் வேண்டாம். பணம் எந்தத் தேதியில் வரும், எதற்காகப் பிடித்துவைப்பார்கள் என்ற பக்கத்தை, ஆங்கிலம் நன்கு தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு மாதப் பணம் நின்றால் அன்றே அடுத்த முன்பதிவை நிறுத்துங்கள், நான் நிறுத்தவில்லை. பிரதிநிதி புலனத்தில் சொல்வதையெல்லாம் அன்றன்றே படமெடுத்து வையுங்கள். அந்தத் தம்பி "பரவால்லண்ணே" என்று சொன்னது தொலைபேசியில். என்னிடம் அதற்குச் சான்று இல்லை.