கையடக்க ஃபண்டஸ் கேமராவா, செல்போனும் லென்ஸுமா?

சர்க்கரை நோய்க்காரர்களின் விழித்திரையைப் படம் எடுக்க, தூக்கிச் செல்லக்கூடிய கருவி ஒன்று தேவைப்பட்டது. ஒரு வழி, 20 டயாப்டர் திறனுள்ள லென்ஸைக் கண்ணுக்கு முன் பிடித்துக்கொண்டு செல்போன் டார்ச் வெளிச்சத்தில் வீடியோ எடுப்பது. இன்னொன்று, கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து இல்லாமலே எடுக்கும் கையடக்க ஃபண்டஸ் கேமரா. நான் கேமராவைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

செல்போன் வழியில் செலவு குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே பார்வையில் தெரியும் பரப்பு இரண்டிலும் ஏறக்குறைய 45 டிகிரிதான். லென்ஸில் படம் தலைகீழாக விழும்; அது பழகிவிடும்.

எனக்கு முடிவு சொன்னது கண்மணிதான். டார்ச் வெளிச்சம் பட்டதும் அது சுருங்கிவிடும். அதனால் அதை விரிக்க டிராபிகமைடு சொட்டு மருந்து விட்டு 20, 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். அப்புறமும் சில மணி நேரம் கூச்சமும் மங்கலும் இருக்கும், வண்டி ஓட்டக் கூடாது. பார்வையில் ஒரு குறையும் உணராத ஒருவர் அடுத்த ஆண்டு பரிசோதனைக்கு வராமல் இருக்க இதுவே போதும். விழித்திரை பாதிப்போ தொடக்கத்தில் வலியும் தராது, பார்வையையும் குறைக்காது. அவர் திரும்பி வந்தால்தான் பிடிக்க முடியும்.

கேமரா அகச்சிவப்பு ஒளியில் ஃபோகஸ் செய்கிறது. அந்த ஒளிக்குக் கண்மணி சுருங்காது, இருட்டறையில் தானாக விரிந்தே இருக்கும். எடுக்கும் கணத்தில் மட்டும் வெள்ளை ஃபிளாஷ். சுருங்குவதற்குள் படம் பதிவாகிவிடும். ஆனால் ஒரு கண்ணில் ஃபிளாஷ் அடித்தால் இரண்டு கண்மணியும் சேர்ந்தே சுருங்கும். ஆரம்பத்தில் நான் அவசரப்பட்டு எடுத்த இரண்டாம் கண் படங்கள் பலவற்றில் ஓரம் இருண்டிருந்தது. இப்போது சில நிமிடம் இருட்டில் உட்காரவைத்துவிட்டுத்தான் எடுக்கிறேன். முன் லென்ஸையும் அடிக்கடி துடைக்கிறேன். இமை பட்ட தடம் ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் வெளிறிய புள்ளியாக விழுந்து, நோயின் அடையாளம்போல ஏமாற்றும்.

கண்புரை முற்றியவர்களிடமும் கண்மணி மிகச் சிறுத்தவர்களிடமும் கேமராவும் திணறும். அவர்களுக்குக் கண்ணின் முன்னறைக் கோணம் (கண்ணுக்குள் இருக்கும் திரவம் வெளியேறும் இடம்) குறுகலாக இல்லை என்று உறுதிசெய்தபின் சொட்டு மருந்து விட்டுத்தான் எடுக்கிறேன்; குறுகலாக இருந்தால் மருந்தால் கண் அழுத்தம் ஏறிவிடலாம். விழித்திரையின் ஓரத்தில் கிழிசல் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் கேமரா போதாது. கண்மணியை விரித்து லென்ஸ் வழியாகத்தான் பார்க்க வேண்டும். குறைமாதக் குழந்தைகளை நான் கேமராவில் எடுத்தது வெகு சிலமுறைதான், அதை வைத்து எதுவும் சொல்லமாட்டேன். அந்த 20 டயாப்டர் லென்ஸ் இன்னும் என் பையில் இருக்கிறது.